இரத்தக் காட்டேரியும் காட்டேரி அம்மனும்

(பினாங்கு, ஜெலுத்தோங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இன்றைய பேச்சு பேய்களைப் பற்றியது. ஆனால் பேய் உண்டா இல்லையா என்ற வழக்கை நான் தொடப்போவதில்லை. இயற்கைக்கு மீறியவை என்று சொல்லப்படுபவற்றின் பெயர்களை ஆங்கிலத்திலிருந்தும் மலாயிலிருந்தும் சீனத்திலிருந்தும் தமிழுக்குக் கொண்டுவரும்போது நாம் என்ன செய்கிறோம் என்பதே கேள்வி. 1897இல் பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ நாவல் வெளிவந்தது. அதில் வரும் வேம்பயரைத் தமிழில் ‘இரத்தக் காட்டேரி’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. வார இதழ்களும் சினிமா விளம்பரங்களும் மாந்திரீகக் கதைகளும் அந்தப் பெயரை நிலைநிறுத்திவிட்டன. காட்டேரி யார்? தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் பல குடும்பங்களுக்கு அவள் குலதெய்வம். வயிற்றுப் பிள்ளைக்கும் பிள்ளையைச் சுமப்பவளுக்கும் தீங்கு வராமல் இருக்க அவளுக்குப் படையல் போடுகிறார்கள். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களோடு அவளும் கப்பலேறி கயானாவுக்கும் டிரினிடாடுக்கும் போனாள். தமிழ் பேச மறந்துபோன பேரப்பிள்ளைகள் அங்கே இன்றும் அவளைத் தாயென்று கும்பிடுகிறார்கள். அந்தத் தாயின் பெயரைத்தான் திரான்சில்வேனியாவின் பிரபு ஒருவனுக்குச் சூட்டியிருக்கிறோம். ஒப்புமை எங்கிருந்து வந்தது? இரண்டுமே இரத்தத்தோடு தொடர்புடையவை என்ற ஒரே எண்ணத்திலிருந்து.

நாற்காலியின் பெயரைத் தவறாக மொழிபெயர்த்தாலும் நாற்காலி நான்கு காலோடு அப்படியே நிற்கும். பெயராலும் கதையாலும் மட்டுமே வாழும் ஒன்றுக்குப் பெயரை மாற்றினால் அதன் குணமே மாறிவிடும். நேற்றுவரை படையல் வாங்கியது இன்று விரட்டப்பட வேண்டியதாகிவிடும். ஆகவே இந்தத் துறையில் மொழிபெயர்ப்பாளர் எழுதும் ஒவ்வொரு சொல்லும் ஒரு தீர்ப்பு. தீர்ப்பு எழுதுகிறோம் என்று தெரியாமலே எழுதப்படும் தீர்ப்பு என்பதால்தான் அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. உருவத்தையோ பயத்தின் அளவையோ பார்த்துச் சொல் தேடுவது பிழை, அந்த ஒன்றுக்கும் மனிதருக்கும் இடையில் உள்ள உறவைப் பார்த்தே தேட வேண்டும் என்பது என் வாதம். அது யாராக இருந்து இறந்தது? யார் அதற்குக் கடன்பட்டவர்? அதற்குச் சோறு போடுகிறார்களா, துரத்துகிறார்களா? இவற்றைக் கேட்காமல் அகராதியைத் திறப்பதில் பயனில்லை.

இந்தச் சங்கடத்தைப் பெரிய அளவில் பட்ட மொழி கிரேக்கம். கி.மு. 399இல் சாக்ரடீஸ் மீது ஏதென்ஸ் சுமத்திய குற்றச்சாட்டில், நகரம் வணங்கும் தெய்வங்களை விட்டுப் புதிய ‘தைமோனியா’க்களைக் கொண்டுவந்தார் என்று ஒரு வாசகம் உண்டு. அங்கே அச்சொல்லுக்குத் தெய்வத்தன்மை கொண்டவை என்றுதான் பொருள். பிளேட்டோவின் ‘சிம்போசியம்’ நூலில் காதலே ஒரு ‘தைமோன்’. தேவருக்கும் மனிதருக்கும் நடுவே போய்வருவது. மகிழ்ச்சிக்கான கிரேக்கச் சொல்லான ‘யூதைமோனியா’வுக்குள்ளும் அதுவே இருக்கிறது, நல்ல தைமோன் வாய்க்கப்பெற்ற நிலை என்று பிரித்துப் பார்க்கலாம். அடுத்த நூற்றாண்டுகளில் அலெக்சாந்திரியாவில் யூத அறிஞர்கள் எபிரேய வேதத்தைக் கிரேக்கத்துக்குப் பெயர்த்தார்கள். பிற மக்களின் தெய்வங்கள் எல்லாம் ஒன்றுக்கும் உதவாதவை என்ற பொருளில் எபிரேயச் சங்கீதம் ஒன்று பேசுகிறது. அந்த இடத்தில் அவர்கள் ‘தைமோனியா’ என்று எழுதினார்கள். ‘உதவாதவை’ என்றால் இல்லாதவை. ‘தைமோனியா’ என்றால் இருப்பவை, ஆனால் கெட்டவை. ஒரு சொல்லில் இன்மை தீமையாக மாறிவிட்டது. பிறகு பவுல், பிற மக்கள் பலியிடுவது தைமோனியாக்களுக்கே என்று எழுதினார். சாக்ரடீஸுக்கு நல்வழி சொன்ன உட்குரலைக் குறித்த அதே சொல், சுவிசேஷங்களில் பன்றிக் கூட்டத்துக்குள் துரத்தப்படுவதைக் குறிக்கிறது. இதை வெறும் தவறு என்று சொல்லிவிட முடியாது. ஒரே கடவுள் என்ற கொள்கைக்கு இடம் கொடுக்கப் பழைய சொல் ஒன்று பதவியிறக்கம் பெற்றது. ஆனால் அதற்கு முன்பு எழுதப்பட்ட நூல்களைப் பின்னால் வந்தவர்கள் படிக்கும் முறையையும் அது மாற்றிவிட்டது.

நவீன கிரேக்கத்திலும் கதை தொடர்கிறது. ஆங்கில வேம்பயருக்கு அங்கே வழங்கும் சொல் ‘வ்ரிகோலாகாஸ்’. அது ஸ்லாவிய மொழிகளிலிருந்து வந்த கடன்சொல். வந்த இடத்தில் அதற்குப் பொருள் ஓநாயாக மாறும் மனிதன். கிரேக்கக் கிராமங்களில் அது கல்லறையில் அழுகாமல் ஊதிப்போய் எழுந்துவரும் பிணமாயிற்று. இப்போது மெலிந்து வெளுத்து, கறுப்பு மேலங்கி அணிந்த டிராகுலாவும் அதே பெயரில் உலவுகிறான். ஆங்கிலச் சிறுவர் கதையின் சிறகு முளைத்த பெண்ணுக்குக் கிரேக்கர் சொல்லும் ‘நெராய்தா’, பழைய கடற்கன்னியரான நெரெய்துகளின் பெயர். அதே பெண்ணை நாம் ‘தேவதை’ என்கிறோம். கிராமதேவதை என்ற சொல்லையும் வைத்துக்கொண்டு, அதே வாயால் பல் விழுந்த குழந்தையின் தலையணைக்கடியில் காசு வைப்பவளையும் தேவதை என்றால், எல்லைக்காளி என்ன நினைப்பாள் என்று யாரும் யோசிப்பதில்லை.

தமிழுக்கு வருவோம். மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கியது 1706இல். ஏழு ஆண்டுகளில், 1713இல், தமிழ்நாட்டுத் தெய்வங்களின் வரிசையை விரிவாக எழுதி முடித்தார். கிராம தெய்வங்களை அவர் ஏற்கவில்லை, கடுமையாகக் கண்டித்தார். ஆனாலும் மக்கள் அய்யனாரையும் மாரியையும் வணங்குவது பேய்களிடமிருந்து ஊரைக் காக்கவே என்பதை அவர் கேட்டறிந்து குறித்துவைத்தார். காவலனும் கள்வனும் வேறு வேறு என்பது அந்த எழுத்தில் தெளிவாக இருந்தது. அதே தெளிவு 1849இல் கால்டுவெல் திருநெல்வேலிச் சான்றோர் சமூகத்தைப் பற்றி எழுதிய சிறு நூலில் இல்லை. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்துக்காக நாம் கைகூப்பும் அதே கால்டுவெல்தான் அங்கே மாடனையும் காளியையும் அவர்களின் பரிவாரங்களையும் ஒட்டுமொத்தமாக ஆங்கிலத்தின் ‘டெவில்’ என்ற சொல்லுக்குள் அடைத்தார். அந்தப் பக்கங்கள் திரும்பத் தமிழுக்கு வரும்போது ‘பேய் வழிபாடு’ ஆகின்றன. சுடலைமாடன் கொடையில் நிற்கிறவர் அவனைச் சாமி என்பார். பேயைக் கும்பிடுகிறோம் என்று அவர் வாயில் வராது.

அதே நூலில் கால்டுவெல் தரும் ஒரு செய்தி அவருடைய சொல்லுக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. 1809இல் திருவிதாங்கூர் அரண்களைப் பிடிக்கும் சண்டையில் காயம்பட்டு இறந்த போல் என்ற ஆங்கிலப் படைத் தலைவனின் கல்லறையில் மக்கள் பிராந்தியும் சுருட்டும் படைத்தார்களாம். கோரச் சாவு செத்தவன், ஊர்விட்டு ஊர் வந்தவன், எடுத்துப்போட உறவில்லாதவன். அவன் உயிரோடு இருந்தபோது எதை விரும்பினானோ அதைக் கொடுத்து அமைதிப்படுத்தினார்கள். அந்தப் படையலில் பயம் இருந்தது, ஓரளவு இரக்கமும் இருந்திருக்கலாம். மலேசியத் தோட்டங்களில் முனியாண்டிக்குச் சுருட்டு வைத்தவர்களுக்கு இந்தக் கணக்கு விளங்கும். கிறிஸ்தவ இறையியலின் ‘டெவில்’ பிராந்தியால் சமாதானமாகிற ஆள் அல்லன். அவனோடு கொடுக்கல்வாங்கல் வைத்துக்கொள்வதே பாவம். அப்படியிருக்க, அந்தச் சொல்லால் போல் துரையை மொழிபெயர்த்தால் உறவு தலைகீழாகிவிடுகிறது.

விவிலியத் தமிழே இதில் பாடம் கற்றுக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். சீர்திருத்த சபையினர் நெடுங்காலமாகப் படிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் இயேசுவைச் சோதிக்கும் ‘தியாபோலோஸ்’ என்பவனும் பிசாசு, நோயாளிகளிடமிருந்து துரத்தப்படும் ‘தைமோனியா’க்களும் பிசாசுகள். முதலாவது ஒருவன், பழி கூறுபவன் என்று அந்தப் பெயருக்குப் பொருள். இரண்டாவது கூட்டம். 1995இல் வெளிவந்த திருவிவிலியம் இரண்டையும் பிரித்தது: சோதிப்பவன் அலகை, துரத்தப்படுபவை பேய்கள். அலகை திருக்குறளில் உள்ள சொல். உலகத்தார் உண்டென்பதை இல்லையென்பவனை அலகையோடு சேர்த்துவிடுகிறார் வள்ளுவர். நமது பகுத்தறிவு நண்பர்கள் இதைக் கொஞ்சம் சிரித்துக்கொண்டே மன்னித்துவிடலாம். பழஞ்சொல்லைத் தேடியெடுத்துப் புதிய வேலைக்கு அமர்த்திய இந்தத் துணிச்சல் பாராட்டத் தக்கது. ஆனால் பேய் என்ற சொல்லுக்கு அதனால் விடுதலை கிடைக்கவில்லை. காரைக்கால் அம்மையார் தம்மைப் பேய் என்றே சொல்லிக்கொண்டவர். சிவனின் ஆடலருகே இருக்கக் கிடைத்த உருவம் அது. ஆழ்வார் பன்னிருவரில் ஒருவர் பேயாழ்வார். ஆட்பட்டவர் என்ற பெருமையைச் சுமந்த சொல்லைத் துரத்தப்பட வேண்டியது என்ற ஒரே பொருளில் அடைக்கும்போது பக்தி இலக்கியத்தின் ஒரு வாசல் மூடிக்கொள்கிறது. கிரேக்கர் தைமோனுக்குச் செய்ததை நாம் பேய்க்குச் செய்துகொண்டிருக்கிறோம்.

‘இயற்கைக்கு அப்பாற்பட்டது’ என்ற தொடரையே கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஐரோப்பியச் சொல் எல்லைக்கோட்டை இயற்கையில் போடுகிறது. படைக்கப்பட்ட உலகம் இந்தப் பக்கம், அதற்கு மேலானது அந்தப் பக்கம். இடைக்கால இலத்தீன் இறையியலுக்கு அந்தக் கோடு தேவைப்பட்டது. நாம் அன்றாடம் புழங்கும் ‘அமானுஷ்யம்’ என்ற சொல்லோ கோட்டை மனிதனில் போடுகிறது: மனிதத்தன்மை இல்லாதது, அவ்வளவுதான். அது இயற்கைக்கு உள்ளேயே இருக்கலாம். பூதம் என்ற சொல் இதற்கு நல்ல சான்று. நிலம், நீர், தீ, காற்று, வானம் ஐந்தும் பூதங்கள். சிலப்பதிகாரத்தின் புகார் நகரில் நாற்சந்தியில் நின்று பொய்ச்சாட்சி சொல்பவரையும் பிறன்மனை நாடுபவரையும் பிடித்துப் புடைக்கும் காவலனும் பூதம். இயற்கையின் மூலப்பொருளுக்கும் நாற்சந்திக் காவலனுக்கும் ஒரே பெயர் வைத்த மொழியில் ‘இயற்கைக்கு அப்பாற்பட்ட பூதம்’ என்று எழுதுவது தன்னைத்தானே மறுக்கும் வாக்கியம். ஆவியும் அப்படியே. சளி பிடித்தால் ஆவி பிடிக்கிறோம், சாகும்போது ஆவி பிரிகிறது, தேவாலயத்தில் பரிசுத்த ஆவி. எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் இதற்கான சொற்கள் காற்றையும் மூச்சையும் குறிப்பவைதாம்; இந்த ஒரு சொல்லில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்களுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. கத்தோலிக்கர் பல தலைமுறைகள் போர்த்துக்கீசியத்தை ஒட்டி ‘இஸ்பிரீத்து சாந்து’ என்று சொல்லிவந்து, பிறகு ஆவிக்குத் திரும்பினார்கள்.

இந்த மண்ணில் பேய்களைப் பெயர் பிரித்துச் சொல்லும் வேலையைக் கவனமாகச் செய்தவர் ஒருவர் இருந்தார். மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா. அரபு வழியும் தமிழ் வழியும் கலந்த குடும்பம். அந்நாளில் மலாக்காவின் வணிகம் தமிழில் நடந்ததால் சிறுவயதில் தமிழ் படிக்க அனுப்பப்பட்டவர். 1835இல் தம்பி முத்து வீரபத்தர் என்ற நண்பரின் துணையோடு தமிழ்ப் பஞ்சதந்திரத்தை மலாய்க்குக் கொண்டுபோனவர். 1843இல் எழுதி முடித்து 1849இல் அச்சான தம் வரலாற்றில், மிஷனரி வில்லியம் மில்ன் தம்மிடம் மலாய்க்காரர் நம்பும் பேய்களைப் பற்றி விசாரித்ததை அவர் பதிவுசெய்கிறார். பேய்க்கு மலாயில் உள்ள ‘ஹந்து’ என்ற ஒரே சொல்லைக் கொடுத்து முடித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. வகை வகையாகப் பெயர் சொன்னார், ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்று விளக்கினார். போலோங் என்பது கொலையுண்டவனின் இரத்தத்தைக் குப்பியில் அடைத்து மந்திரத்தால் வளர்ப்பது. வளர்ப்பவன் தன் விரலைக் கீறி அதற்கு ஊட்ட வேண்டும். பெனாங்கலான் என்பது தலையும் குடலும் மட்டும் பிரிந்து பறந்துபோகும் பெண். முதலாவது ஏவப்படும் வேலையாள், இரண்டாவது பகலில் பக்கத்து வீட்டுக்காரி. இரண்டையும் பேய் என்ற ஒரு சொல்லால் எழுதினால் முதலாளியும் மறைந்துபோவான், அயலாளும் மறைந்துபோவாள்.

இங்கே முதல் எதிர்ப்பு எழும். பெரியார் 1929ஆம் ஆண்டின் இறுதியில் பினாங்கில் வந்திறங்கியதிலிருந்து இந்த நாட்டுத் தமிழரிடையே வலுவாக ஒலிக்கும் குரல் அது: இவை யாவும் மூடநம்பிக்கை, மூடநம்பிக்கைக்கு எதற்குத் துல்லியமான சொல்? பேய் என்று பொதுவில் சொல்லித் தள்ளிவிட்டால் போதாதா? பதிலை அப்துல்லாவே தருகிறார். அவர் இவற்றை நம்பியவர் அல்லர். அறியாமையின் சொத்து என்று இகழ்ந்தவர். நம்பாத அவர்தான் வகை பிரித்துச் சொன்னார். ஒன்றை மறுப்பதற்கும் அது என்னவென்று தெரிய வேண்டும். பக்கத்து வீட்டுக்காரியை பெனாங்கலான் என்று ஊர் சந்தேகப்படுவது சமூகக் கொடுமை. அதை ‘பேய் பயம்’ என்று மொழிபெயர்த்தால், பெண்ணொருத்தி மீது சுமத்தப்பட்ட பழி என்பது தெரியாமலே போகும். மழுங்கிய சொல் மூடநம்பிக்கையைக் குறைப்பதில்லை, அதை ஆராயவிடாமல் செய்கிறது.

பொந்தியானாக்கை எடுத்துக்கொள்வோம். பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்ணைப் பற்றிய நம்பிக்கை. 1900இல் மலாய் மாந்திரீகம் பற்றிப் பெருநூல் எழுதிய ஸ்கீட், தாயை லங்சுயிர் என்றும் இறந்து பிறந்த குழந்தையைப் பொந்தியானாக் என்றும் பிரிக்கிறார். அப்படி இறந்தவள் எழுந்துவராமல் இருக்க வாயில் கண்ணாடி மணிகளும், அக்குள்களில் கோழிமுட்டைகளும், உள்ளங்கைகளில் ஊசிகளும் வைத்தார்களாம். வாய் திறந்தால் மணி விழும், கை விரித்தால் முட்டை விழும். அதனால் கத்தவும் பறக்கவும் முடியாது. பின்னாளில் அந்தப் பெயர் தாய்க்கே நிலைத்தது. நிலைக்கச் செய்ததில் 1957இல் சிங்கப்பூரில் கேத்தே கிரிஸ் நிறுவனம் எடுத்த ‘பொந்தியானாக்’ படத்துக்குப் பங்குண்டு. இயக்கியவர் பி. என். ராவ்; 1939இல் தமிழில் ‘ரம்பையின் காதல்’ எடுத்த அதே ராவ். தேவலோக ரம்பையிலிருந்து பொந்தியானாக்குக்கு வந்த அந்தப் பயணத்தைத் தனியாகவே ஒருவர் எழுதலாம். பொந்தியானாக்கைத் தமிழில் ‘மோகினி’ என்று பெயர்த்துவிடுவது சுலபம்: விரிந்த கூந்தல், வெள்ளை உடை, இரவு, வாழைத்தோப்பு. உருவம் பொருந்துகிறது, உறவு பொருந்தவில்லை. மோகினி மயக்குகிறவள். இவள் பேறுகாலத்தில் கைவிடப்பட்டவள். இவளுக்கு உறவுமுறையில் நெருங்கிய ஒன்று தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் கல்லாக நிற்கிறது. கருவோடு இறந்த பெண்ணின் நினைவாக நடப்படும் சுமைதாங்கிக் கல் அது. வழிப்போக்கர் தலைச்சுமையை அதன்மேல் இறக்கிவைத்தால் அவளுடைய சுமையும் இறங்கும் என்று நம்பினார்கள். ஒரே துயரத்துக்கு ஒரு ஊர் ஊசியை வைத்தது, மற்றொரு ஊர் கல்லை நட்டது. மருத்துவச்சி வராத இரவுகள் இரண்டிலும் இருக்கின்றன. மோகினி என்று எழுதுகிறவர் அந்த இரவுகளை அழித்துவிடுகிறார்.

ஏழாம் சீன மாதத்தில் பினாங்கு வீதிகளில் நடக்கும் போர் தோர் விழாவுக்கு வருகிறேன். ஆங்கிலத்தைப் பின்பற்றி அதைப் ‘பசித்த பேய்த் திருவிழா’ என்று எழுதுகிறோம். வாசகர் மனத்தில் அது அருவருப்பாகவே விழுகிறது. உண்மையில் அங்கே நடப்பது என்ன? பேணுவதற்குப் பிள்ளைகள் இல்லாத இறந்தோருக்கும் சேர்த்துச் சோறு படைக்கிறார்கள், காகிதப் பணம் எரிக்கிறார்கள், மேடைபோட்டுக் கூத்து நடத்துகிறார்கள். ஹொக்கியன் பேசுவோர் அவர்களைப் பேய் என்று சொல்லத் தயங்கி ‘நல்ல அண்ணன் தம்பிகள்’ என்கிறார்கள். அஞ்சத்தக்க முகத்தோடு காகிதத்தில் உயர எழுப்பி, முடிவில் எரிக்கப்படும் தாய் சு யா உருவத்தின் தலையில் குவான் யின் சிறிதாக அமர்ந்திருப்பாள். கருணையே உக்கிர வேடம் போட்டு வந்திருக்கிறது என்று பொருள். குவான் யின் யார்? இந்தியாவிலிருந்து போன அவலோகிதேசுவரர். ‘பசித்த பேய்’ என்பதற்கான சீனச் சொல்லும் பௌத்த நூல்களின் ‘பிரேத’ என்ற வடசொல்லுக்குச் சீனர் செய்த மொழிபெயர்ப்புதான். அது சீனத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இடையில் தமிழ் தன்னிடமிருந்த ‘பிரேத’த்தை மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டது, பிரேதப் பரிசோதனை என்ற தொடர் இருக்கும்வரை அச்சொல்லை மீட்க முடியாது. ஆனால் உறவுக்கான சொல் நம்மிடம் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கும் மகாளயத்துக்கும் எள்ளும் தண்ணீரும் இறைக்கிற வீட்டில் அது பிதிர்க்கடன். வாரிசில்லாதவருக்கும் சேர்த்து ஊர் செலுத்தும் பிதிர்க்கடன் என்று ஒரு வரி சேர்த்தால் போர் தோர் தமிழருக்கு விளங்கிவிடும். மணிமேகலை படித்தவர்களுக்கு இன்னும் எளிது: பசிப்பிணி தீர்ப்பதே அந்தக் காப்பியத்தின் அறம்.

இரண்டாவது எதிர்ப்பு: எல்லாவற்றையும் அப்படியே மூலப்பெயரில் வைத்தால் தமிழ் என்னவாகும், கடன்சொல் குவியலாகிவிடாதா? நியாயமான அச்சம். ஆனால் இந்தத் துறையில் தமிழ் எப்போதும் கடன் வாங்கியே வந்திருக்கிறது. பிசாசும் பூதமும் வடமொழி, ஷைத்தானும் ஜின்னும் மலக்கும் அரபு. தமிழ் முஸ்லிம்கள் ஜின்னைப் பேய் என்று சொல்லாமல் ஜின் என்றே வைத்துக்கொண்டதால் ஜின்களிலும் நல்லவர் உண்டு என்ற அவர்களுடைய நம்பிக்கை சிதையாமல் இருக்கிறது. அப்துல்லாவின் மலாயும் பூதத்தைப் ‘போத்தா’ என்றும், அரக்கனை ‘ரக்சாசா’ என்றும் வடமொழியிலிருந்தே வாங்கியது. கடன் வாங்கியதால் மலாய் குறைந்துபோகவில்லை. மூன்றாவதாக, மக்கள் பேச்சில் எல்லாம் பேயாகிவிட்டது, எழுத்தாளர் மட்டும் பிரித்து என்ன பயன் என்பார்கள். பேச்சில் உண்மையில் அப்படி ஆகவில்லை. முனியைப் பேய் என்று சொன்னால் இன்றும் தோட்டத்துப் பாட்டி கண்டிப்பார். கலந்துபோனது அச்சில்தான், திரையில்தான். அதைச் சரிசெய்ய வேண்டியவர்களும் அச்சில் எழுதுகிறவர்களே.

இந்த நாட்டுத் தமிழ் நாளிதழ்களில் செய்தி எழுதுவோருக்கும், தமிழ்ப்பள்ளிக்குக் கதைப்புத்தகம் பெயர்ப்போருக்கும், வசன வரிகள் எழுதும் இளைஞர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். போர் தோரைப் போர் தோர் என்றே எழுதிப் பக்கத்தில் அரை வரி விளக்கம் தாருங்கள். பொந்தியானாக்கை மோகினியாக்காதீர்கள். வேம்பயரை வேம்பயர் என்றே எழுதுங்கள். சிறுவர்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்த சொல். காட்டேரியின் பெயரை அவளைக் கும்பிடுகிறவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.